கேரட் கடிக்கும் மாமனாரை எழுதுவது எப்படி

1

இந்தக் கதை ஒரு பாதாம் பருப்பில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, 'ஓஹோ, அப்படியா சேதி' என்று கேட்டால் எனக்கு வெட்கமாகப் போய்விடும்.

ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'பச்சை உணவுக்கு மாறுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி.' காய்கறியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் தட்டின் ஓரத்தில் எப்படி ஒதுக்குவது என்பதுதான். ஆனால் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியாயிற்று. தெரியாது என்று சொல்ல வாய் வருமா? சரி என்றேன். சொன்ன வாய்க்குத் தண்டனையாக, நானும் கொஞ்சநாள் அடுப்பின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

முதல் வாக்கியம் நன்றாகவே வந்தது: 'ஒரே நாளில் மாறிவிடாதீர்கள், உடம்புக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.' இரண்டாவது வாக்கியம்: 'பாதாம் போன்ற கொட்டைகளை நன்றாக ஊறவைத்த பிறகே—'

இதை எழுதும்போது என் வாயில் ஊறவைக்காத பாதாம் இருந்தது. கடக்கென்று ஒரு சத்தம். கடைவாய்ப் பல்லில் பாதி கைக்கு வந்துவிட்டது. கட்டுரை அந்த இடத்தில் நின்றது. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் ஒரு பெண் பல் கட்டுகிறாள். டாக்டர் அளவெடுத்துக் கொடுப்பார். இவள் மெழுகில் வடித்து, அச்சில் ஊற்றி, ராவித் தேய்த்துப் பல்லாக்கிக் கொடுப்பாள். என் பல்லின் நிறத்துக்குப் பொருத்தம் பார்க்க வந்தவள், "எப்படிங்க உடைஞ்சுது?" என்று கேட்டாள். பாதாம் என்றேன். பச்சை உணவு என்றேன். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்க மாமாவும் இந்தக் கூத்துதான் பண்ணினார்" என்று தன் மாமனாரைப் பற்றி ஆரம்பித்தாள். அதற்குள் டாக்டர் வந்து என் வாய் நிறைய அச்சுப் பசையை அப்பி, "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்து, அச்சு சரியாக விழவில்லை என்று மறுபடியும் அப்பினார்.

ஆகவே வாசகரே, இந்தக் கதையில் எங்கெல்லாம் ஓட்டை தெரிகிறதோ அங்கெல்லாம் என் வாய் அடைபட்டிருந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கேட்க வேண்டிய கேள்வி எதையும் கேட்க முடியவில்லை. ஓட்டைகளை என் சொந்தச் சரக்கால் அடைத்திருக்கிறேன்.

2

எப்படி ஆரம்பிப்பது?

'மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதலாய்...'

வேண்டாம். இது அந்தக் கட்டுரையின் மிச்சம்.

'வெண்டைக்காயின் மெல்லிய ரோமங்களில் காலை வெயில் தங்கி நின்ற அந்த அமைதியான...'

யாருக்கு அமைதி? அந்த வீட்டில் காலையில் மூன்று பேருக்கு ஒரே குளியலறை.

'ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மாமனார் சூப் கிண்ணத்தை நாசூக்காக ஓரமாக நகர்த்திவிட்டு, "இனிமே சமைச்சது எதுவும் நான் சாப்பிடப் போறதில்லைம்மா" என்றார்.'

இது போதும். இதில் ஆள் இருக்கிறார், கிண்ணம் இருக்கிறது, குண்டும் இருக்கிறது.

குண்டு விழுந்ததும் மருமகள் கரண்டியோடு அப்படியே நின்றாள். "ஏன் மாமா, உப்பு கிப்பு கூடிப்போச்சா?"

"சேச்சே. சமையல்ல ஒரு குறையும் இல்லம்மா. உடம்புக்கு நல்லதாம். காய், பழம், கொட்டை, முளைகட்டின பயறு. எல்லாம் பச்சையா. போன்ல ஒரு டாக்டர் சொன்னார்."

"போன்லயா?"

"வீடியோல. நல்ல மனுஷன். தாடி வச்சிருக்கார்."

மகன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எங்காவது யாராவது மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவனைக் கூப்பிட்டபடியே இருப்பார்கள். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, "தாடி வச்சவன் எல்லாம் டாக்டராப்பா?" என்றான். பிறகு போனில், "உங்களச் சொல்லலைங்க சார். பதறாதீங்க, வந்துட்டே இருக்கேன்" என்றான்.

3

மாமனார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க முகம் தெரியாதவர்களின் கோபத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் இருங்க, இப்ப கொடுத்துடறேன்" என்று சொன்னவர். குறை கேட்டுப் பழகியவர், சொல்லிப் பழகாதவர். மருமகள் போட்ட காபியில் ஒருநாள் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்துவிட்டது. "வித்தியாசமா இருக்கும்மா" என்று சொல்லிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

(மாமியார் எங்கே என்று கேட்பீர்கள். காலமாகிவிட்டார். இருந்திருந்தால் இரண்டாம் நாளே, "உள்ளதச் சொல்லுங்க, என்ன விஷயம்?" என்று ஓர் அதட்டல் போட்டு உண்மையை வெளியே இழுத்திருப்பார். எனக்குக் கதை கிடைத்திருக்காது.)

புதியவர்கள் செய்யும் தவறுகள் அத்தனையையும் அவர் ஒழுங்காகச் செய்தார். முதல் நாளே முட்டைக்கோஸ். அன்று சாயங்காலம் வயிறு தனியாக ஓர் எக்ஸ்சேஞ்ச் நடத்த ஆரம்பித்தது. மறுநாள் பச்சைக் கத்தரிக்காய். நாக்கு அரித்து, பொழுது சாயும்வரை ஊமையாக உட்கார்ந்திருந்தார். "என்ன மாமா ஆச்சு?" என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, ஆனந்தமாக இருக்கிறேன் என்று கையால் காட்டினார். பயறு ஊறவைக்க வீட்டிலிருந்த கிண்ணமெல்லாம் போதாமல் பூ ஜாடிக்குப் போனார், சோப்பு டப்பாவுக்குப் போனார், கடைசியில் மகனின் டீ கப்புக்கும் போனார். மகன் அவசரத்தில் அதிலேயே டீயை ஊற்றிக் குடித்துவிட்டு, "டீயில என்னமோ வால் இருக்கு!" என்று அலறினான்.

"முளைடா அது. சத்து" என்றார் அப்பா.

மருமகள் முதலில் சிரித்தாள். பிறகு கடுப்பானாள். வேலைவிட்டு வந்து, கால் வலிக்க நின்று சமைப்பது அவள். முன்பெல்லாம் எதை வைத்தாலும், "பிரமாதம்மா" என்பார். இப்போது மேசையின் எதிர்ப்பக்கம் பலகையும் கத்தியுமாக உட்கார்ந்து, அவள் சூப் குடிக்கும்போது 'கறுக்' என்கிறார். அவள் ரொட்டியைப் பிய்க்கும்போது இன்னொரு 'கறுக்'. தன் சமையலை யாரோ ஜாடையாகக் கிண்டல் செய்வது மாதிரி அவளுக்கு இருந்தது.

4

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

மாமனார் வாயில் இருப்பது மருமகள் கட்டிய பல் செட். மேலும் கீழும் முழு செட். அவள் தொழிலில் கெட்டிக்காரி. தெருவில் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல மாட்டாள், சிரித்தால் சொல்லிவிடுவாள். "அதோ போறாரே, அது என் பல்லு" என்பாள். மாமனாருக்கு என்றபோது கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டாள். பல் ஆடக்கூடாது என்று மேலண்ணத்தை முழுக்க மூடும்படி தடிமனாகத் தகடு வைத்தாள். ஈறு நோகக்கூடாது, கன்னம் கடிபடக்கூடாது என்று கடைவாய்ப் பற்களை மேடுபள்ளம் இல்லாமல் தட்டையாக அடுக்கினாள். என்ன சாப்பிட ஆசைப்படுவார் என்று மட்டும் கேட்கவில்லை. வயசானவர், மெத்தென்றுதானே சாப்பிடப் போகிறார்?

தட்டைப் பல்லால் வெந்ததை மசிக்கலாம். பச்சைக் கேரட்டை அரைப்பது, இரண்டு சோப்புக் கட்டிகளுக்கு நடுவில் கூழாங்கல்லை வைத்து நசுக்குவது மாதிரி.

பல் வைத்த அன்று, "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டாள்.

"பிரமாதம்மா. சொந்தப் பல்லு மாதிரியே இருக்கு."

அந்த வார்த்தை அவளுக்கு எந்தச் சான்றிதழையும்விடப் பெரிதாக இருந்தது. ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்படியானால், தட்டைப் பல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எதற்காகப் பச்சைக் காய்க்கு மாற வேண்டும்? இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. 'பூங்காவில் நடக்க வரும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரைக் கண்டதிலிருந்து அவருக்கு இளைக்க வேண்டும் என்று...' என்று ஒரு பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தவிர, அந்த டீச்சருக்கும் வேறு சோலி இருந்தது.

5

அந்த வீட்டில் யாரும் போடாத சட்டம் ஒன்று உண்டு. வாரத்தில் ஒருநாள் மாமனார் பல் செட்டை மூடி போட்ட டப்பாவில் வைத்து, குளியலறை ஜன்னலில் விட்டுவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். மருமகள் எடுத்துப்போய்த் தேய்த்து மெருகேற்றி அதே இடத்தில் வைப்பாள். அதை எடுத்துக்கொள்ளக் கதவிடுக்கில் ஒரு கை மட்டும் வரும். மருமகள் முன்னால் பொக்கை வாயோடு அவர் ஒருநாளும் நின்றதில்லை. பல்லைக் கட்டியவளிடமே கூச்சமா என்று கேட்கலாம். கூச்சத்திடம் போய் நியாயம் பேச முடியுமா?

ஒருநாள் டப்பாவைத் திறந்தாள். முன்பற்களில் பீட்ரூட் சாயம் ஏறிச் சிவந்திருந்தது. கடைவாய்ப் பற்களைப் பார்த்தாள். அவள் கட்டிக்கொடுத்த அன்று இருந்ததைப் போலவே பளபளவென்று இருந்தன. ஒரு கீறல் இல்லை. ஒரு பொட்டுச் சாயம் இல்லை.

பல்லைப் படிக்கத் தெரிந்தவளுக்கு அது போதும். மாமா கடிக்கிறார், மெல்லுவதில்லை. முதல் நாள் முட்டைக்கோஸுக்குப் பிறகு, கடித்ததை எல்லாம் துப்பிவிடுகிறார்.

பால்கனிக்கு ஓடினாள். "செடிக்கு உரம்மா" என்று அவர் தினமும் கொட்டிக்கொண்டிருந்த தொட்டியைக் கிளறினாள். கேரட்டும் பீட்ரூட்டும் கடித்த வாக்கில் துண்டு துண்டாகக் கிடந்தன. உடனே மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. பெல்ட்டில் புதிதாகக் குத்திய ஓட்டை. சட்டைக் காலருக்குள் தொளதொளவென்று ஆடும் கழுத்து. மனிதர் வாழைப்பழத்தில் உயிர் வைத்துக்கொண்டிருந்தார்.

கணவனிடம் சொன்னாள். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் நல்லா நாலு சத்தம் போடச் சொல்றேன்" என்றான் அவன். "நீ அந்தக் காய்க் கூடையத் தூக்கி ஒளிச்சு வை."

"அவர் என்ன பச்சைக் குழந்தையா?"

"அப்ப நீயே கேளு. உன் பல்லுதானே அது?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பல் சரியில்லை என்றால் கழற்றி எறிந்துவிட்டு வேறு கட்டலாம், அது ஒரு வேலையே இல்லை. இந்த மனிதர் அதைத் தன்னிடம் சொல்வதற்குப் பதிலாகப் பட்டினி கிடக்கத் தயாராக இருக்கிறார் என்பதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

6

கதை இப்போது ஒரு முட்டுச்சந்தில் நிற்கிறது. எனக்குத் தெரிந்த வழிகள்:

(அ) நேராகவே கேட்டுவிடுகிறாள். அவர், "பிரமாதம்மா" என்கிறார். கதை அங்கேயே படுத்துவிடுகிறது.

(ஆ) மயக்கம் போட்டு விழுகிறார். ஆஸ்பத்திரிக் கட்டில், கண்ணீர், "ஏன் மாமா சொல்லல?" இதை எழுத எனக்கு அரைமணி நேரம் போதும். அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

(இ) அப்பாவும் மகனும் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு— லிஃப்ட் மெக்கானிக்கைக் கதையில் வைத்திருக்கும் எவனுக்கும் வரும் சபலம். கையைக் கட்டிக்கொண்டேன்.

அவள் செய்த காரியம் எனக்குச் சத்தியமாகத் தோன்றியிருக்காது. மறுநாள் வேலைக்குப் போனதும் தன் மேல்வாய்க்குத் தானே அளவெடுத்தாள். மாமனாரின் செட்டில் இருக்கும் அதே தடிமனில் ஒரு தகடு வார்த்தாள். பல் வேண்டாம், அதுதான் அவளுக்கு நிறைய இருக்கிறதே. வெறும் அண்ணத் தகடு, பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி. மாட்டிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

மிளகு தட்டிப் போட்ட சூப். ஆவி பறந்தது. வாயில் வைத்தால் சூடு தெரியவில்லை. மிளகு எங்கே போனதென்றே தெரியவில்லை. அட்டையை ஊறவைத்துக் கரைத்தது மாதிரி என்னவோ ஒன்று தொண்டைக்குள் இறங்கியது. பல் கட்டிக்கொண்டு போகிற ஒவ்வொருவரிடமும், "கொஞ்சநாள்ல பழகிடுங்க" என்று சொல்லி அனுப்புகிறவள் அவள். எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே கூசியது.

டப்பாவின் ஓரத்தில் ஒரு வெள்ளரித் துண்டு இருந்தது. கடித்தாள்.

கறுக்.

சத்தம் தாடை வழியாக ஏறிக் காதுக்குள் போனது. செத்துக் கிடந்த அந்த வாயில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். இன்னொரு கடி கடித்தாள். பிறகு மிச்சத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமா உடம்புக்காக மாறவில்லை. சமைத்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கேரட் காதுக்காவது கேட்டது.

(இதை எழுதும்போது நானும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஒரு கேரட்டைக் கடித்துப் பார்த்தேன். வீடு இடிகிற மாதிரி இருக்கிறது. நீங்களும் செய்து பாருங்கள். பாதாம் மட்டும் வேண்டாம்.)

7

அடுத்த விடுமுறை நாள். மத்தியானம். எங்கோ ஏழாவது மாடியில் ஒரு கல்யாண மாப்பிள்ளை மாட்டிக்கொண்டான் என்று மகன் பாதிச் சாப்பாட்டில் ஓடிவிட்டான். மேசையில் இரண்டே பேர். அவர் முன்னால் கேரட். அவள் முன்னால் சூப், வாய்க்குள் தகடு.

"அந்த உப்ப இப்படித் தள்ளுங்க மாமா" என்றாள். வார்த்தைகள் ஈரத் துணிக்குள்ளிருந்து வருவதுபோல் குழைந்து வந்தன.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். குரல்களோடு காலம் தள்ளிய காது அது. பல் வைத்த புதிதில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகிய அவருடைய சொந்தக் குரலும் இப்படித்தான் இருந்தது.

"வாயில என்னம்மா வச்சிருக்க?"

"பிளேட் மாமா. உங்களோடது மாதிரியே. அதே கனம்."

"உனக்கெதுக்கு அது? உன் பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

அவள் ஒரு கரண்டி சூப் குடித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விழுங்கியதும், "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பிரமாதம்" என்றாள்.

அவர் தலை குனிந்துகொண்டது. "பொய்" என்றார், மெதுவாக.

"ஆமா மாமா, பொய்தான். ஒரு மண்ணும் தெரியல. இதக் கட்டினவ மட்டும் கையில கிடைச்சா நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுடுவேன்."

"அப்படிச் சொல்லாதம்மா" என்று பதறினார். "பாசமாக் கட்டின பொண்ணு அது. எங்க, எதுவும் ஆடலையே? நோகலையே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. தகட்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். "நீங்க சொல்லாம அந்தப் பொண்ணுக்கு எப்படி மாமா தெரியும்? பட்டினி கிடந்துதான் எனக்கு மரியாதை பண்ணுவீங்களா? அந்த மரியாதை எனக்கு வேண்டவே வேண்டாம். திட்டுங்க. வாயாரத் திட்டுங்க."

பிறகு அந்த வீட்டில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. கையை வாய்க்குக் கொண்டுபோய் மேல் செட்டைக் கழற்றினார். கீழ் செட்டையும் கழற்றினார். இரண்டையும் அவள் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கன்னங்கள் உள்ளே போய், உதடு சுருங்கி, இன்னொரு முகம் வந்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவரும் கையால் மூடிக்கொள்ளவில்லை.

அந்த வாயோடு அவர் பேச ஆரம்பித்தார்.

8

என்ன பேசினார்?

இதை எழுதிப் பார்த்தேன். 'ழெ... ஹம்மா... மொத...' என்று ஒரு வரி வந்தது. படித்தால் அவரைக் கேலி செய்வது மாதிரி இருக்கிறது. கிழித்துப் போட்டேன். சுத்தத் தமிழில், 'மருமகளே, உன் பற்கள் என்னை வாட்டுகின்றன' என்றும் எழுதிப் பார்த்தேன். அதையும் கிழித்தேன்.

அவளுக்கு எல்லாம் புரிந்ததாம். பல் இல்லாதவர்களோடு பேசுவதுதானே அவள் பிழைப்பு. டாக்டர் ஒருவழியாக வந்து என் வாயிலிருந்து பசையைப் பிடுங்கியதும் நான் முதலில் கேட்டது அதைத்தான். "அப்புறம் என்னதான் சொன்னார்?"

"நல்லாத் திட்டினாருங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

"இப்ப என்ன சாப்பிடறார்? பச்சையா, சமைச்சதா?"

"கேரட்ட மெல்லிசாத் துருவிக் கொடுக்கறேன். சூப்பும் குடிக்கிறார். செட்டக் கழட்டி வச்சிட்டு, என் எதிர்லயே." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் வைக்கிற எல்லாத்துலயும் உப்பு ஜாஸ்தியாம். இத்தனை நாள் தெரியவே இல்லையாம்."

பின்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் மேசைமேல் மாமனாருக்கான புது செட் மெழுகில் நின்றது. அண்ணத்தில் தடித் தகட்டுக்குப் பதில் சூடு கடத்தும் மெல்லிய உலோகத் தகடு. முன்பற்கள் அடுக்கியாகிவிட்டன. கடைவாய் மட்டும் காலி. பக்கத்தில் இரண்டு டப்பாக்கள் திறந்திருந்தன, ஒன்றில் தட்டைப் பற்கள், இன்னொன்றில் பச்சைக் காயை அரைக்கும் மேடுபள்ளப் பற்கள். தட்டையை வைத்தால் அவர் சூப்புக்குத் திரும்புகிறார். மற்றதை வைத்தால் கேரட் மாமனாராகவே இருந்துவிடுகிறார். என் கதைக்கு ஏதாவது ஒன்று வேண்டும். பத்திரிகைக்காரர்கள் வேறு நெருக்குகிறார்கள்.

"எதத்தாங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதீங்க" என்றாள். "அவர் இன்னும் குறை சொல்லி முடிக்கலை. தினமும் சாப்பிட உட்கார்ந்தா புதுசா ஒண்ணு ஞாபகம் வருது."

ஆகவே நானும் பேனாவை மூடிக்கொள்கிறேன். அவர் சொல்லி முடித்ததும், கதையை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.